பேர் சொல்லக் கூடாத நோய்

என் தங்கை ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சேந்தமங்கலத்தில் என் தையல் கடையில் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். பேசியது ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா. "உங்க கூடப் பிறந்தவங்க யாராவது இப்ப கர்ப்பமா இருக்காங்களா?" என்று கேட்டார். தங்கை இருக்கிறாள் என்றேன். "ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்துடலாம். சில குடும்பங்கள்ல இது ரத்த வழியா வர வாய்ப்பிருக்கு." போனை வைத்துவிட்டுக் குனிந்தால், வலது கையை இடது தோளில் வைத்துத் தைத்திருக்கிறேன். பிரித்துத் தைத்தேன். இரண்டாவது முறையும் கோணலாகத்தான் வந்தது.

"இது" என்று அவர் சொன்ன நோய் என் மகள் பிறந்த பிறகு எனக்கு வந்தது. இதயமும் கை கால் போல ஒரு தசைதான். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ, பிள்ளை பிறந்த பிறகு வரும் சில மாதங்களிலோ, சில பெண்களுக்கு அந்தத் தசை தளர்ந்துபோகிறது. ரத்தத்தை இறைக்க முடியாமல் திணறுகிறது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. ஏன் வருகிறது என்று இன்னும் முழுதாகத் தெரியாது. அதைத் தேடுகிற ஆராய்ச்சியில் நானும் ஓர் ஆள். வருஷா வருஷம் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, நெஞ்சில் ஜில்லென்று பசை தடவி ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருவேன்.

எனக்கு வந்த கதை சிரிப்பதா அழுவதா என்று தெரியாத கதை. பிரசவமாகி, மலைமேல் பைல் நாட்டில் அம்மா வீட்டில் இருந்தேன்; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நானும் நம்பினேன். இருமல் நிற்கவில்லை என்று மலையிறங்கி ஒரு டாக்டரிடம் போனோம். அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார்: "படுக்கறப்ப எத்தனை தலகாணி வெச்சுக்கறீங்க?" இதயம் தளர்ந்தவர்களுக்கு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், அதனால் தலையணை மேல் தலையணையாக அடுக்கிக்கொள்வார்களாம். எனக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் யார் தலையணை வைத்துப் படுத்தார்கள்? பாயை விரித்தால் கைதான் தலையணை. "தலகாணியே வெக்கறதில்லீங்க" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். நானோ அப்போது பல நாட்களாகப் படுக்கவே இல்லை. மிளகு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தேன். அதை அவர் கேட்கவில்லை, கேட்காததை நான் ஏன் சொல்லப் போகிறேன்? இருமலில் நுரை நுரையாக வந்த பிறகுதான் ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டு போனார்கள். பிழைத்தேன். டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஆராய்ச்சியில் தலையணைக் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறார்கள்: படுத்துத் தூங்குகிறீர்களா, உட்கார்ந்து தூங்குகிறீர்களா?

இத்தனையும் தெரிந்தவள் சும்மா இருக்க முடியுமா? போன் வந்த மறுநாளே மலைக்குப் பஸ் ஏறினேன். தங்கையைக் குண்டனி நாட்டில் கொடுத்திருக்கிறோம். மாமியார் வீட்டில் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கர்ப்பிணியின் காதில் எந்த நோயின் பேரும் விழக் கூடாது. பக்கத்து வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால்கூட இவளிடம் ஊருக்குப் போயிருக்கிறார் என்பார்கள். எனக்கு நெஞ்சில் என்ன வந்தது என்று என் தங்கைக்கே யாரும் விவரமாகச் சொன்னதில்லை. "அக்காவுக்கு ஒடம்பு முடியாம இருந்துச்சு", அவ்வளவுதான்.

மாமியாரைத் தனியே அழைத்து மெதுவாக ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டினார்.

"அந்தப் பேச்ச இங்க எடுக்காத கண்ணு. வயித்துப்புள்ளக்காரி காதுல உழுந்தா அது பலிச்சுரும்."

"காதுல உழுந்து வர்றதில்லீங்க அத்தை. ரத்தத்துல இருந்தா வரும். ஒருக்கா பாத்துட்டா நல்லதுங்க."

"அவ நல்லாத்தான இருக்கறா? இந்த மலை வளைவுல வயித்தோட இறக்கி, குலுக்கிக் கொண்டுபோயி, இல்லாத நோயத் தேடோணுமா?"

அன்று வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் இறங்கித் திரும்பி ஏறிப் போய்விடலாமா என்றிருந்தது. வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், வாசலில் நிற்கும்போது எதற்கு வந்தேன் என்று மறந்துவிடும். என் வீட்டுக்காரர், "உம்பட மெஷின் நின்னாலும் காலு நிக்க மாட்டேங்குது" என்று கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்மேல் எரிந்து விழுந்தேன். தங்கைக்கு மூச்சு வாங்கினால் கர்ப்பத்தில் சகஜம் என்பார்கள், கால் வீங்கினால் சகஜம், படபடத்தால் சகஜம். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துத் தட்டில் வைத்தார்கள். மாமியார், மாப்பிள்ளை, தங்கை எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கிழங்கைத் தொடவில்லை. எனக்கு வந்தது என்ன, எப்படி மூச்சு முட்டியது, அது அவளுக்கும் வரலாம் என்று டாக்டர் ஏன் சொல்கிறார், எல்லாவற்றையும் நோயின் பேரோடு போட்டு உடைத்தேன். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

தங்கைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "உனக்கு வந்தா எனக்கும் வரோணுமா? இதச் சொல்றதுக்குத்தான் பஸ் ஏறி வந்தியா?" என்று அழுதாள். மாப்பிள்ளைதான் கடைசியில், "ஒருக்கா பாத்துட்டு வந்தா என்னுங்கம்மா? இல்லைன்னு தெரிஞ்சா நிம்மதிதான" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். உள்ளேயிருந்து வேண்டாம் என்ற குரல் வரவில்லை.

ஸ்கேனில் அவள் இதயம் நன்றாக இருந்தது. டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. "இப்ப ஒண்ணுமில்ல. ஆனா பிரசவத்துக்குப் பிறகு கவனமா இருங்க, ஏதாவது தோணுச்சுன்னா உடனே வந்துடுங்க" என்றார். முன்பாதி மட்டும்தான் தங்கையின் காதில் ஏறியது. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டுக்குப் போனாள். மலைமேல் போய்ச் சேர்ந்ததும் மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். யாருடைய கண்ணுக்கு என்று எனக்குத் தெரியாதா என்ன?

ஆண் குழந்தை, சுகப்பிரசவம். நான் தினமும் போன் செய்தேன். மூச்சு எப்படி இருக்கிறது, கால் எப்படி இருக்கிறது, படுக்க முடிகிறதா? முதலில் பதில் சொன்னாள், பிறகு "ம்" என்றாள், பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். நானே ஒரு பைத்தியமாகிவிட்டேனோ என்று தோன்றியது. நோய் வந்துவிடக் கூடாதே என்று பயந்தேன். வராமல் போனால் என்னைக் காலத்துக்கும் சாடுவார்களே என்றும் ஒரு மூலையில் நினைத்தேன், நினைத்ததற்கு என்மேலேயே கோபம் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. தங்கையின் மாமியார். அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை.

"நீ அன்னைக்கு ஒண்ணு சொன்னியே கண்ணு, அதாட்டந்தான் இருக்குது." அப்போதும் பேரைச் சொல்லவில்லை. "நேத்துல இருந்து இருமலு. புள்ளைக்குப் பால் குடுக்கறதுக்குள்ள மூச்சு எரைக்குது. நான் யாரையும் கேக்கல, வண்டி புடிச்சு ஏத்திட்டேன். வளைவுல இறங்கீட்டு இருக்கறோம். நீ ஆஸ்பத்திரிக்கு வந்துரு சாமி."

தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கடையைப் பூட்டினேனா என்று இன்றுவரை தெரியாது.

டாக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. புதிய படத்தில் இதயம் பெருத்து, சோம்பலாக அசைந்தது. "நோய் வர்றதுக்கு முன்னாடி எடுத்த படம் எங்களுக்குக் கிடைக்கறதே அபூர்வம்" என்றார். சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. உள்ளே கிடக்கிறவள் என் தங்கை, இவருக்கு அது அபூர்வமான படமா? கேட்டே விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தப் படம் இருந்ததாலதான் என்ன ஏதுன்னு தேடாம உடனே மருந்து ஆரம்பிச்சோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வார்டுக்குள் போனார். வெளியே பெஞ்சில் மாமியார் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் கால் நிற்கவில்லை, அவர் கையை விடுவித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன்.

தங்கை தேறினாள். சில மாதங்கள் மாத்திரை சாப்பிட்ட பிறகு எடுத்த படத்தில் இதயம் பழைய அளவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. எனக்கு அத்தனை சீக்கிரம் வரவில்லை. எங்கள் இருவர் ரத்தத்தையும் ஒன்றாக வைத்துச் சோதிக்கிறார்கள். பதில் எப்போது வரும் என்று கேட்டால், தெரியாது என்கிறார்கள். தெரியாது என்று நேராகச் சொல்கிற டாக்டர்களை இப்போது எனக்குப் பிடித்திருக்கிறது.

போன மாதம் இருவருக்கும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். தங்கை எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். மகன் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கவில்லை.

"நீ அன்னைக்கு அந்தப் பேரச் சொன்ன. அதனாலதான் எனக்கு வந்துச்சு" என்றாள், என்னைப் பார்க்காமலே.

மறுத்துப் பேச வாய் வரை வந்தது. ரத்தம், குடும்பம், தசை என்று எத்தனை பாடம் எடுத்திருப்பேன் அவளுக்கு? ஆனால் அவள் குரல் உரக்க இருந்தது. ஒரு மூச்சில் இரண்டு வாக்கியம் சொன்னாள், நடுவில் நிறுத்தவில்லை, இருமவில்லை. சொன்ன கையோடு மகனை ஒற்றைக் கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த நீள வராந்தாவில் விறுவிறுவென்று என்னைவிட்டு விலகி நடந்தாள். அடுத்து என் பேரைத்தான் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்காமல் அவள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.