எரிந்தும் குறையாத கட்டைகள்

அந்த நெருப்பை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. வீடு பார்க்கப் போன அன்று, விற்க இருந்த நோர்வேக்காரக் கிழவர் குனிந்து சுவரோரம் ஒரு குமிழைத் திருகினார். முன்பக்கம் திறந்திருந்த அகன்ற கணப்புக்குள் விறகுக் கட்டைகள் 'பக்' என்று பற்றிக்கொண்டன. வெள்ளைப் பட்டை, நடுவில் வெடிப்பு, நுனியில் கரி என்று எல்லாம் இருந்தன. மனைவி கன்னத்தில் கைவைத்தபடி நின்றுவிட்டாள். நான் கட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எரிகிற கட்டை கொஞ்ச நேரத்தில் உருமாற வேண்டும், சாம்பல் உதிர வேண்டும். இவை வைத்தபடி இருந்தன. அந்தக் கரிகூட யாரோ தூரிகையால் பூசியதுதான். ஒரு பொருளை இவ்வளவு அக்கறையாக இன்னொரு பொருள்போலச் செய்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று எனக்குப் பட்டது.

ரொம்சோஸ் பகுதியில் ஒரு அடுக்குமாடியில் பல வருடம் இருந்துவிட்டு, இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்களில்தான் எல்லிங்ஸ்ருட்டில் இந்த வரிசை வீட்டை வாங்கினோம். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அவளுக்கு நோர்வே மொழி தண்ணீர்பட்ட பாடு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், சலவைக்கூடத்தில் வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் எழும்பாது. மனத்துக்குள் மட்டும் கேள்விகள் ஓயாது.

குடிபுகுந்த கையோடு என் மைத்துனன், மனைவியின் தம்பி, வந்து நெருப்பை எனக்கு விளங்கப்படுத்தினான். அவன் இங்கே பொறியியல் படித்தவன்.

"அத்தான், இது விறகில்லை. மண்ணைச் சுட்டுச் செய்த சாமான். கீழை குழாயிலை காஸ் வந்து எரியுது. கட்டை சும்மா வடிவுக்கு."

"அப்ப கட்டை ஏன் சிவக்குது?"

"நெருப்புக்கு மேலை வைச்சால் அம்மிக்கல்லும் சிவக்கும்தானே! இஞ்சை பாருங்கோ, மூலையிலை ஒரு சின்னச் சுவாலை எப்பவும் எரிஞ்சுகொண்டிருக்கும். அது அணைஞ்சால் காஸ் தானா நிண்டிடும்."

"அது அணைஞ்சதை ஆர் பாத்துக் காஸுக்குச் சொல்லுறது?"

அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினான். "அக்கா! உங்கடை மனுசன் நெருப்பிட்டை அடையாள அட்டை கேக்கிறார்!"

மனைவி சிரித்த சிரிப்பில் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. சுவாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய கம்பி குளிர்ந்தால் காஸின் வழி அடைபடும் என்று பிறகு ஒருநாள் சொன்னான். சரி, கம்பி பழுதானால்? அதையும் கேட்க விரும்பினேன், கேட்கவில்லை.

காஸ் சிலிண்டர் வீட்டின் பின்சுவரோடு இரும்புக் கூட்டுக்குள் நின்றது. இந்த காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும் என்று கிழவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபின் எனக்கு நிம்மதி ஏது? சவர்க்கார நுரையைக் குழாயின் மூட்டுகளில் பூசிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பேன். வராது. வராததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அந்த மாரிக் குளிரில் மனைவிக்குத் தலையிடி தொடங்கியது. சனிக்கிழமை மாலை நெற்றிப்பொட்டில் பிடித்து ஞாயிறு முழுக்க நிற்கும். சிலவேளை வயிற்றைப் புரட்டிச் சத்தியும் வரும். மருத்துவர் வேலைக் களைப்பு என்று மாத்திரை கொடுத்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் தலையிடி போய்விடும். வேலைக் களைப்பு வேலைக்குப் போனால் மாறுமா? நான் கணப்பைப் பார்த்தேன். அது அழகாக எரிந்துகொண்டிருந்தது.

"இந்த நெருப்பைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுவமே?" என்று கேட்டேன்.

"ஒரு சந்தோசம் வீட்டுக்குள்ளை வந்தால் உங்களுக்குப் பொறுக்காது. வேலையாலை வந்து அதுக்கு முன்னாலை காலை நீட்டி இருந்தால்தான் எனக்கு ஒரு ஆறுதல். கிழமை நாளிலும் எரியுது, எனக்கென்ன தலையிடியே?"

அவள் சொன்னது உண்மை. திங்கள் முதல் வெள்ளிவரை, கிழமை நாட்களில் ஒன்றும் இல்லை. அதனால் என் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆள் பார்த்து, நாள் பார்த்துக் கடிக்கிற பாம்பு போலல்லவா இது?

காஸ் விற்கும் கடைக்குத் தனியே போய், எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் கேட்டேன். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். காஸ் கசிந்தால் தெரியட்டும் என்று அதற்குள் ஒரு கெட்ட மணம் கலந்திருக்கிறார்கள். ஆனால் எரிந்து முடிந்த காற்றுக்கு மணம் இல்லை. அது புகைபோக்கி வழியாக மேலே போனால் பிரச்சினை இல்லை, வீட்டுக்குள் திரும்பினால் முதலில் தலையிடி, பிறகு மயக்கம், பிறகு எழும்பாத நித்திரை. கடைசிச் சொல்லை அவர் கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டினார். அந்த நஞ்சைக் கண்டால் அலறும் சின்ன அலாரம் ஒன்றை வாங்கிவந்து கணப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். கிழமை முழுக்க அது வாய் திறக்கவில்லை. இதுவும் அந்தக் கட்டைகளோடு கூட்டுச் சேர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை விருந்து. ரொம்மனிலிருந்து இரண்டு குடும்பம், மைத்துனன், பிள்ளைகள் என்று வீடு நிறைந்தது. ஆட்டிறைச்சிக் கறி, கணவாய்ப் பொரியல். எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால் முதலில் மாற்றுவது அடுப்புக்கு மேலே இருக்கும் புகையிழுக்கும் விசிறியைத்தான். நாங்களும் கடையில் இருந்தவற்றில் பலமானதைப் பூட்டியிருந்தோம். ரொம்சோஸில் ஒரு அயல்வீட்டுப் பெண் கறி மணத்தைப் பற்றி ஒருமுறை முகம் சுளித்துப் பேசியதிலிருந்து, மனைவி தாளிக்கும்போது ஒரு யன்னலையும் திறப்பதில்லை. சனிக்கிழமைகளில் கிழமை முழுவதற்கும் சேர்த்துக் கறி வைக்கும்போது, எல்லாம் பூட்டி, விசிறியை உச்சத்தில் விட்டுத்தான் சமையல். கணப்பும் எரிந்தது. வந்த பெண்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள்.

கறி கொதிக்கும்போது அலாரம் அலறத் தொடங்கியது.

"அக்கா, உங்கடை மிளகாய்த்தூளுக்கு அது கத்துது!" என்றான் மைத்துனன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அலாரத்தை எடுத்துத் திருப்பி பற்றரியைக் கழற்றினான். வீடு அமைதியானது. மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள். ஒரு கை நெற்றியில் இருந்தது, மறுகை கதவு நிலையைப் பிடித்திருந்தது.

அன்று எனக்குள் இருந்து வந்த குரல் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

"எல்லாரும் வெளியிலை போங்கோ! இப்ப போங்கோ!"

நான் குமிழைத் திருகி நெருப்பை அணைத்தேன். மனைவியின் கையைப் பிடித்து இழுத்தேன். வந்தவர்கள் தட்டோடும் பிள்ளைகளோடும் பனிக்குள் இறங்கினார்கள். பாதிப் பேருக்குக் காலில் காலுறை மட்டும். "அத்தானுக்கு என்ன நடந்தது?" என்று மைத்துனன் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. ஒருவர், "கணவாய் கருகிப்போடும்" என்றார். மனைவி மதிலில் சாய்ந்து குளிர்காற்றை வாய் திறந்து இழுத்துக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டவில்லை. அவள் திட்டாததைக் கண்டதும் நான் என் மேற்சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டேன்.

அந்தக் கிழமையே கடைக்காரர் ஒரு காஸ் வேலைக்காரரை அனுப்பினார். அவர் கருவியோடு கணப்புக்கு முன்னால் நெடுநேரம் குந்தியிருந்தார். கட்டைகளை இடம் மாற்றினீர்களா என்று கேட்டார், இல்லை என்றோம். கட்டைகள் பிசகினால் சுவாலை அவற்றில் மோதிச் சரியாக எரியாமல் போகுமாம். புகைபோக்கியும் துப்புரவு. சுவாலையும் சரி. கடைசியில் எழும்பி, "ஒரு குறையும் இல்லை" என்றார். நான் அவரையும் நம்பவில்லை.

மனைவி கேட்டாள், "அப்படியானால் அலாரம் ஏன் அடித்தது?"

"அந்த நேரம் வீட்டில் வேறு என்ன நடந்தது?"

"சமைத்தோம்."

அவர் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அன்று செய்தது போலவே இப்போதும் செய்யுங்கள்."

காலை வேளையில் அந்த வெள்ளைக்காரருக்காக மனைவி வெங்காயம் நறுக்கித் தாளித்தாள். யன்னல்கள் பூட்டியிருந்தன. விசிறியை இன்னும் போடவில்லை. அவர் ஏதாவது புகை வேண்டும் என்றதும் சாமித் தட்டிலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கொடுத்தாள். அவர் அதைக் கணப்பின் மேல்விளிம்பில் பிடித்தார். புகை உள்ளே சாய்ந்து புகைபோக்கிக்குள் போனது.

"இப்போது விசிறியைப் போடுங்கள். முழுப் பலத்தில்."

விசிறி இரைந்தது. ஊதுபத்திப் புகை ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, அறையைக் கடந்து குசினியை நோக்கி ஓடியது. நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் நெருப்பை உடனே அணைத்தார்.

விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது, தள்ளிய அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். பிறகு சுவரின் மேல்மூலைக்குப் போய், காற்று வருவதற்கென்று நோர்வே வீடுகளில் விடும் துவாரத்துக்குள் விரலை விட்டார். குளிர் வராமல் நாங்கள் அடைத்திருந்த, நான் உடுத்துக் கிழிந்த பழைய சாரத்துண்டு நீளமாக வந்தது. கட்டம் போட்ட சாரம். அவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். எல்லா வாசலும் அடைபட்ட வீட்டில் திறந்திருந்தது புகைபோக்கி மட்டும்தான். விசிறி இழுத்த வெளிக்காற்று அதன் வழியாக இறங்க, எரிந்த காற்று அதற்குள் ஏற முடியாமல் அறைக்குள் திரும்பியிருக்கிறது.

நெருப்பு எரியும்போது சமைப்பதானால் யன்னல் திறந்திருக்க வேண்டும், துவாரங்கள் அடைபடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நெருப்பை நிப்பாட்டிப்போட்டுச் சமையும்" என்றேன். மனைவி சாரத்துண்டை மடித்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

சனிக்கிழமை அவள் கணப்பை எரியவிட்டபடியே குசினிக்குப் போய் யன்னலை அகலத் திறந்தாள். குளிர் உள்ளே பாய்ந்தது. இறைச்சிக் கறியின் மணம் வெளியே பாய்ந்தது. நாயோடு நடந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் நின்று யன்னலைப் பார்த்து ஏதோ சொன்னார். நான் ஓடிப்போய்க் கறிச்சட்டியை மூடினேன். மனைவி தலையை நீட்டி அவரோடு கதைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னவாம்? மணக்குதாமோ?"

"இல்லை. இந்தக் குளிருக்குள்ளை யன்னலைத் திறந்து வீட்டுச் சூட்டை வீணாக்கிறமாம்."

ஞாயிறு காலை நான் கண் விழித்தபோது கட்டிலில் அவள் இல்லை. பதறி எழும்பி ஓடினேன். அவள் கணப்புக்கு முன்னால் காலை நீட்டித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"தலையிடி?"

"இல்லை."

"கொஞ்சமும் இல்லையோ?"

"இல்லையெண்டு சொல்லுறன்."

"நெற்றிப்பொட்டிலை?"

"இஞ்சாருங்கோ, இன்னொருக்காக் கேட்டால் வந்திடும். பேசாமல் இதிலை வந்து இருங்கோ."

நான் போய் இருந்தேன். அவள் முகத்தைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு, தேநீர் முடியும்வரை இருந்தேன்.