மூன்று வீட்டோடு நின்ற லோரி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் அந்த வாசகம் வந்தபோது நான் தோசைக் கரண்டியும் கையுமாக நின்றிருந்தேன். ஆங்கிலத்தில் இரண்டே வரி. அனுமதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது, இந்த விளையாட்டு இனி இதில் இயங்காது. நம்பாமல் இன்னொரு முறை படித்தேன். என் வீட்டுக்காரர் ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா போட்டிருக்கான்?"

"ஓட்டக்கூடாதாம்."

"யாரு?"

"நீங்கதான்."

அப்படிப் பட்டென்று சொல்லியிருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் இனி லோரி வேண்டாம் என்று சொன்ன அன்று இருந்த முகம் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

நியாலாஸ் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரியை ஓட்டியவர் அவர். பக்கவாதம் வந்து இடது கை தொங்கிப்போனது. கால் பிழைத்தது, பேச்சு பிழைத்தது, கை மட்டும் வரவில்லை. பயிற்சிக்கு என்று ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள், அழுத்தி அழுத்திப் பழகச் சொல்லி. அதை அவர் பக்கத்து வீட்டு நாய்க்குத் தூக்கிப் போட்டுவிட்டார். அணைத்துப் போட்ட டிவிக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கிளேபாங்கில் இருக்கும் என் அக்கா மகள்தான், "சித்தி, லோரி ஓட்டுற கேம் இருக்கு, சித்தப்பாவுக்கு வாங்கிக் குடுங்களேன்" என்றாள்.

அதுவரை எங்கள் வீட்டில் இருந்த டிஸ்க் எல்லாமே பசார் மாலாம் இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் உறையில் விற்கும் திருட்டுப் பிரதிகள்தான். இதையும் அங்கேயே பார்க்கலாம் என்றேன். மனிதர் முறைத்தார்.

"லோரிக்கு என்னைக்காவது டூப்ளிகேட் ஸ்பேர் போட்டிருக்கேனா? ஒரிஜினல் வாங்கு."

மலாக்கா டவுனுக்குப் போய் ஒரிஜினல் பெட்டியே வாங்கினோம். கூடவே மேசையில் பொருத்தும் ஸ்டேரிங், கீழே வைக்கும் பெடல். முதல் நாள் ஸ்டேரிங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. செருப்புக் காலோடு வண்டி ஓட்டினால் போலீஸ் சம்மன் கொடுக்கும் என்று ஷூவையும் எடுத்துவரச் சொன்னார்.

ஆரம்பத்தில் இடது கையை நான்தான் தூக்கி ஸ்டேரிங்கில் வைப்பேன். அது அங்கே ஒரு துணி மாதிரி கிடக்கும். பிறகு கட்டை விரல் கொஞ்சம் பிடித்தது. ஒரு சாயங்காலம் வளைவு ஒன்றில் அந்தக் கை தானாகவே ஸ்டேரிங்கை இழுத்தது. அவர் கவனிக்கவில்லை. நான் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் பெட்டி இரண்டு வீட்டுக்குப் போய் வந்தது. கேட்டால் கொடுப்பதுதானே வழக்கம்? முதலில் அக்கா மகள் கேட்டாள். அடுத்து சுங்கை ரம்பாயிலிருந்து எங்களைப் பார்க்க வந்த கெலிண்டான். லோரியில் டிரைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வருபவர், குலை ஏற்றி இறக்குபவர், வண்டி பின்னால் வரும்போது இறங்கி நின்று தகரத்தில் தட்டிக் குரல் கொடுப்பவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என் வீட்டுக்காரரோடு ஓடியவர். "அண்ணே, ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்கண்ணே" என்று தலையைச் சொறிந்தார். கொடுத்தோம். கிளேபாங்கிலிருந்து பெட்டி ஒரு பை முறுக்கோடு திரும்பியது, சுங்கை ரம்பாயிலிருந்து கருவாட்டோடு. வாங்கிய பாத்திரத்தை நாங்கள் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டிக்குள் ஏதோ ஒன்று குறைந்துகொண்டிருந்தது என்று எந்தக் கடவுள் வந்து சொன்னார்?

அப்புறம் ஒருநாள் மத்தியானம் இடி விழுந்தது. கம்ப்யூட்டரிலிருந்து கருகல் வாடை. கம்ப்யூட்டர் கடைக்காரர் உள்ளே இருந்த போர்டை மாற்றிக் கொடுத்தார். விளையாட்டை மறுபடி ஏற்றினோம். அப்போதுதான் அந்த இரண்டு வரி.

நான் விடவில்லை. அந்த விளையாட்டுக் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எழுதிப்போட்டேன். காசு கொடுத்து வாங்கினேன், பெட்டி கையில் இருக்கிறது, திருடினேனா என்று கேட்டேன். பதில் வந்தது. என் பொறுமைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். எனக்கு எங்கே இருந்தது பொறுமை? போர்டு மாறினால் அது வேறு கணினியாம். மூன்று கணினிக்குத்தான் அனுமதியாம். எங்கள் வீடு, கிளேபாங், சுங்கை ரம்பாய், கணக்கு முடிந்தது. புதிதாக வாங்கு, இல்லையென்றால் பழைய கணினி ஒன்றில் விளையாட்டைத் திறந்து, விடுவிக்கும் பொத்தானை அழுத்து, ஒரு அனுமதி திரும்பக் கிடைக்கும் என்றார்கள். வாங்கிய கடையில் அது விற்றுத் தீர்ந்து போயிருந்தது. வேறு எங்கும் இல்லை.

"அக்கா, கிரேக் போட்டுப் பூட்டை உடைச்சிடலாம், அஞ்சு நிமிஷம்தான் லா" என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர். நான் உடனே சரி என்றிருப்பேன். என் வீட்டுக்காரர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். திருட்டு வண்டியை அவர் ஓட்டமாட்டாராம். கை மறுபடி மடியில் விழுந்தது. நாளாக நாளாகக் கட்டை விரல்கூட அசையவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அக்கா மகளுக்குப் போன் அடித்தேன். "ஐயோ சித்தி, ஃபோர்மட் பண்ணிட்டேனே!" என்றாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டாளாம், விடுவிக்க அங்கே விளையாட்டே இல்லை; அந்தக் கணக்கு அதோடு போயிற்று. மிச்சம் இருந்தது சுங்கை ரம்பாய் மட்டும்தான். நேரில் போய்த்தான் கேட்க வேண்டும் என்றார் இவர். ஞாயிற்றுக்கிழமை காரை நான் ஓட்டினேன். இடப்பக்கம் உட்கார்ந்து வழி நெடுக என் கியரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

கதவு திறந்தே கிடந்தது. கெலிண்டான் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் எங்கள் லோரி. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். வீட்டுக்குள் காலில் ஷூ. என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீ ஓட்டுவியாடா?"

கெலிண்டான் துள்ளி எழுந்தார். "சும்மாண்ணே... சும்மாதான்."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து சிரித்தார். "வேலை முடிஞ்சு வந்தா இதேதாண்ணே. ஒருக்கா லோரில ஸ்டேரிங்கைத் தொட்டதுக்கு நீங்க கையில அடிச்சீங்களாமே? இன்னைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

என் வீட்டுக்காரருக்கு அது நினைவே இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நானும் அதிர்ந்துதான் போனேன். இத்தனை வருஷம் ஒரே வண்டியில் போன மனிதருக்கு ஓட்ட ஆசை இருந்திருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூட யோசித்ததில்லை.

ஆனாலும் எனக்கு என் புருஷன் கைதான் பெரிது. வந்த விஷயத்தை உடைத்துச் சொன்னேன். ஒன்று விடுவித்தால் இவருக்கு ஓடும், ஆனால் இங்கே நின்றுவிடும். கெலிண்டான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "உங்களோடதுதானே அண்ணி, எடுத்துக்குங்க" என்று நாற்காலியை எனக்கு விட்டார். பொத்தானைக் கண்டுபிடித்தேன். விரலை வைத்தேன்.

"இரு" என்றார் என் வீட்டுக்காரர்.

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து மேசைக்கு இடப்பக்கம், இரும்பு அலமாரியை ஒட்டி உட்கார்ந்தார். என்னை எழுந்திருக்கச் சொன்னார்.

"உக்காருடா. ஓட்டு, பாப்போம்."

லோரியைப் பின்னால் எடுத்து, எங்கள் பேச்சில் கோஸ்தான் போட்டு, ஒரு சந்துக்குள் விட வேண்டும். கெலிண்டான் கோணலாக எடுத்தார். இன்னொரு தடவை எடுத்தார், இன்னும் கோணல்.

"அப்படி இல்லடா. கோஸ்தான், கோஸ்தான்... மெதுவா... ஒடிச்சு வா... வா, வா..."

அலமாரித் தகரத்தில் டப், டப் என்று சத்தம் கேட்டது. வலது கையால் தட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். வலது கை கெலிண்டானின் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தது. தட்டியது இடது கை. விரல் மடங்கியபடி, புறங்கையால், லோரியின் பக்கத்தில் தட்டுவதுபோலவே தட்டிக்கொண்டிருந்தது.

"போதும்!" என்று ஓங்கி ஒரு தட்டு. லோரி நேராக நின்றது. கெலிண்டான் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

தட்டுவது எந்தக் கை என்று என் வீட்டுக்காரர் பார்க்கவே இல்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயந்து நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"மறுபடி எடு" என்றார் அவர்.