நெய் குறைந்த தளிகை

அழகியமணவாளன் வாயைக் கட்டிக்கொண்டு சமைப்பவர். சின்னக் காஞ்சிபுரத்தில் அவர் மடப்பள்ளிக் கைங்கரியம் செய்த அந்தச் சின்னப் பெருமாள் கோயிலில் அதுதான் வழக்கம். பெருமாளுக்குச் சமைக்கும் தளிகையின் மேல் மூச்சுக்கூடப் படக்கூடாது என்று மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணியால் கட்டிக்கொள்வார். உப்புப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. முதலில் பெருமாள் அமுது செய்ய வேண்டும். மற்றவர் நாக்கெல்லாம் அப்புறம்தான். அப்படியும் அவர் கைச் சர்க்கரைப் பொங்கலுக்காகப் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்கள் நாடாவைப் போட்டுவிட்டு வருவார்கள்.

பிள்ளை இல்லாத வீடு. மனைவி அம்ருதவல்லி கேலி செய்வாள்: "உங்களுக்குப் பிள்ளை இல்லேன்னு யார் சொன்னா? சந்நிதியில ஒருத்தர் வேளா வேளைக்குக் கையை நீட்டிண்டு நிக்கறாரே!" அவர் சிரித்துக்கொள்வார். மழை நாளில் அடுப்புப் பிடிக்காமல் தளிகை தாமதமானால், "பாவம், பசிக்குமே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு பரபரப்பவர்தான் அவர்.

சக்ரவர்த்தி என்பவர் கோயில் நிர்வாகம் பார்க்கும் மணியக்காரராக வந்தார். சாமான் வைக்கும் உக்கிராணத்தின் சாவி அவர் இடுப்புக்குப் போனது. அன்றிலிருந்து மடப்பள்ளிக்கு அளந்து வரும் நெய் தேயத் தொடங்கியது. ஒரு நாள் பொங்கல் கரண்டியில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. நெய் கொடுப்பவள்தான் ஏய்க்கிறாள் என்று நினைத்து, தென்னேரியிலிருந்து பானையோடு வந்த கிருஷ்ணவேணியைப் பின்வாசலில் நிறுத்திக் கேட்டார்.

அவள் பானையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "இன்னா சாமி இப்டி கேக்கறீங்க? நான் பானை நெறைய குடுத்துக்கினுதானே இருக்கறேன். உங்க மணியக்காரரு ஆளு பாதி நெய்ய அப்டியே கடைத்தெருவுக்கு எடுத்துக்கினு போறான். ஊருக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?"

அழகியமணவாளன் மணியக்காரரிடமே போய்க் கேட்டார். சக்ரவர்த்தி வெற்றிலையை மடித்தபடி சிரித்தார். "பெருமாளே கேக்கலை. உமக்கென்ன ஓய் வந்தது?" இவர் திரும்பி வந்து துணியை எடுத்து வாயைக் கட்டிக்கொண்டார். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று.

ஊர் ஏன் கேட்கவில்லை என்றால், பிரசாதத்தில் குறை சொல்லக் கூடாது. தொண்டையை அடைத்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு "பரம போக்யம்" என்றுதான் சொல்ல வேண்டும். திருடனுக்கு இதைவிட நல்ல காவல் எந்தப் போலீசு கொடுக்கும்? பக்தியைக் கதவாக வைத்துப் பூட்டிக்கொண்டு உள்ளே கொள்ளையடித்தார் அந்த மனிதர். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் பேனா ஒன்று துணிந்தது. தெரு வாசகசாலைச் சபையின் காரியதரிசி ஹயக்ரீவன், பள்ளிக்கூட வாத்தியார். "பெருமாளுக்கே பட்டினியா?" என்று சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிப் போட்டார். அவர்கள் அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்தார்கள். அந்த ஒரு தாள் கை மாறிக் கை மாறிக் கிழிந்தே போயிற்று. ஆவணியில் சபை கூடித் தீர்மானம் போட்டு, கோயில்களைக் கவனிக்கப் புதிதாக ஏற்பட்டிருந்த போர்டுக்கு மனு அனுப்பியது. சர்க்கார் காரியம் ஆமை வேகம் என்பார்கள். இந்த ஆமை ஐப்பசி பிறப்பதற்குள் வந்து சேர்ந்தது.

போர்டு அதிகாரி வருவதற்கு முந்தின நாள் சக்ரவர்த்தி மடப்பள்ளி வாசலில் வந்து நின்றார். குரலில் தேன் வடிந்தது. "பிரசாதம் நன்னா இருக்குன்னுதான் எல்லாரும் சொல்லப்போறா. நீரும் சும்மா இரும். குறைன்னு ஒண்ணு வந்தா, தளிகை பண்ணினவன் கையைத்தான் முதல்ல பிடிப்பா. குடியிருக்கிற வீடும் கோயில் வீடு. யோசிச்சுப் பாரும் ஓய்."

வீட்டில் வந்து அம்ருதவல்லியிடம் சொன்னார். "நாம எங்கயாவது இருந்துப்போம். அவரால எங்க போக முடியும்?" என்றாள். அவள் யாரைச் சொல்கிறாள் என்று கேட்க அவருக்குத் தேவையிருக்கவில்லை.

விசாரணை மண்டபத்தில் நடந்தது. அதிகாரி நல்ல மனிதர். நெற்றியில் திருமண், கையில் பேனா. அன்றைய பொங்கலைக் கொண்டுவரச் சொல்லி, முதலில் ஹயக்ரீவனைக் கூப்பிட்டார். வாத்தியார் கையில் பிரசாதம் விழுந்தது. கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்.

"எப்படி இருக்கிறது?"

வாத்தியார் மென்று விழுங்கினார். "பரம போக்யம்" என்றார். சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டார். கோழை என்று அவரைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டாம். பாலோடு சேர்த்துப் புகட்டிய பழக்கம் அது. பத்திரிகையில் எழுதலாம், பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வாய் வராது. அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். மணியக்காரர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"அப்படியானால் புகார் பொய்" என்று அதிகாரி பேனாவை மூடப் போனார்.

"அடியேன் ஒண்ணு விண்ணப்பம் பண்ணணும்."

அழகியமணவாளன் தூண் ஓரத்திலிருந்து வந்தார். "இவா யாரும் பொய் சொல்லலை. பெருமாள் அமுது செஞ்சப்புறம் அது பிரசாதம், அதுக்குக் குறையே கிடையாது. ஆனா அதுக்கு முன்னாடி அது என் தளிகை. என் தளிகையில குறை இருக்கு, அதை நான் சொல்லலாம். ரெண்டு வருஷமா நெய்யில்லாம வறட்டுச் சாதமா வெச்சுண்டிருக்கேன். வர்ற நெய்யில பாதி கடைத்தெருவுக்குப் போறது. தெரிஞ்சும் வெச்சேன். அவர் ஒரு நாள்கூட வேண்டாம்னு சொல்லலை. போட்டதைச் சாப்பிட்டுண்டிருந்தார்."

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"பயம்."

"இப்போது சொன்னால் உமக்கும் தண்டனை உண்டு, தெரியுமா?"

"தெரியும்."

அதிகாரி மூடப் போன பேனாவை மறுபடி திறந்தார். பிறகு ஹயக்ரீவன் எழுந்தார். "தளிகையைப் பத்திக் கேளுங்கோ, நானும் சொல்றேன். அதுல நெய் இல்லை." அவர் பின்னால் மற்றவர்களும் எழுந்தார்கள். வெளியே காத்திருந்த கிருஷ்ணவேணியை அழைத்துக் கேட்டார்கள். அவள் மணியக்காரர் ஆளின் பெயர், நெய் போன கடை எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தாள்.

சக்ரவர்த்திக்கு வேலை போயிற்று, வழக்கும் வந்தது. தெரிந்தும் மறைத்த குற்றத்துக்காக அழகியமணவாளனையும் மடப்பள்ளியிலிருந்து விலக்கினார்கள். சபை கருணை மனுப் போட்டது. பத்திரிகை அவரைப் புகழ்ந்து எழுதியது. சட்டம் சட்டமாகவே நின்றது. அதிகாரியின் மேல் தப்பில்லை, ஆனாலும் வயிறு எரியத்தான் செய்கிறது. கோயில் வீட்டை விட்டு அவரும் அம்ருதவல்லியும் இரண்டு பெட்டியோடு ஒண்டுக் குடித்தனம் போனார்கள். கல்யாண வீடுகளில் சமைத்துக் காலம் தள்ளினார் மனிதர். விடியற்காலையில் கால் தானாகக் கோயில் பக்கம் திரும்பும். தெருமுனை வரை போய்விட்டு வருவார்.

மார்கழியில், நெய் முழங்கை வரை வழியச் சர்க்கரைப் பொங்கல் வைக்கும் கூடாரவல்லி வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நின்று, மடப்பள்ளிக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வேறொருவர் தளிகைக்குக் கையை நீட்டினார் அழகியமணவாளன். உள்ளங்கையில் விழுந்த பொங்கலிலிருந்து நெய் கசிந்து, விரலிடுக்கு வழியாக மணிக்கட்டுக்கு ஓடியது. வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்தபடியே நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்ருதவல்லி பதறிக்கொண்டு வந்தாள்.

"ஏன்னா, என்ன இது? நாலு பேர் பாக்க அழுதுண்டு?"

அவர் ஈரக் கையை அவள் முன்னால் நீட்டினார். "இன்னிக்கு வயிறாரச் சாப்பிட்டிருக்கார், பாரேன்."