கதவில் தொங்கிய சட்டை

தொம்மலூர் சரளாவுக்குக் கனடாக்காரர்களின் குழந்தைப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலை. ஒரே புத்தகத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆங்கிலப் பதிப்பில் அவளுக்கு முதல் பாதிதான் வந்தது. பனிக்காட்டுக்கு மரம் வெட்டப் போன அப்பாவுக்காக ஒரு சிறுமி காத்திருக்கிறாள். சரளாவின் புருஷனும் துபாய்க்குப் போனவன்தான். ஒரு வருஷமாக ஒரு போன்கூட இல்லை. அவன் சட்டை மட்டும் இன்னும் கதவாணியில் தொங்கியது. மகள் ஷில்பாவுக்கு அந்தக் கதையைச் சொன்னபோது, "அப்பா வந்துட்டாரு" என்று சரளா தானாகவே ஒரு முடிவைச் சேர்த்துக்கொண்டாள்.

இன்று அதே புத்தகத்தின் பிரெஞ்சுப் பதிப்பிலிருந்து கடைசிப் பக்கம் அவளிடம் வந்தது. அந்த பாஷை தெரியாது. ஆனால் கூடவே ஆங்கிலத்தில் ஒரு திருத்தம்: "படத்தில், கதவில் தொங்கும் அப்பாவின் கம்பளிச்சட்டையை அழிக்கவும். கதையில் அவர் திரும்புவதில்லை."

இதையெல்லாம் எவன் குழந்தைக்கு எழுதுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள்.

சாயங்காலம் ஷில்பா அந்தக் கதையையே மறுபடி கேட்டாள். சரளா வழக்கம்போல அப்பாவை வரவைத்தாள்.

"கதையில வந்தா வரட்டும்மா," என்றாள் ஷில்பா. "நம்ம அப்பா சட்டையை நான் மடிச்சுப் பெட்டியில வச்சுட்டேன்."