காஷிமானா ஜெபமாலை சொல்லவில்லை

பூசைக்கு மிமிடூ தவறாமல் போவாள், பிரசங்கத்துக்கு மட்டும் உட்கார மாட்டாள். ஃபாதர் ஓர்ஃபேகா தொண்டையைச் செருமியதும் கதவோரப் பெஞ்சிலிருந்து நழுவி, கோயிலுக்குப் பின்னாலிருக்கும் சோளம் காய்ச்சிக் கள் விற்கும் தன் கொட்டகைக்கு வந்துவிடுவாள்.

"அவர் பேச ஆரம்பிச்சா எனக்குக் கள்ளு அடிப்பிடிக்குது" என்பாள்.

அந்தக் கள்ளில் அவள் தண்ணீர் கலக்கிறாள் என்று பெனுவே ஆற்றங்கரை முழுக்கச் சொல்லி வைத்தவள் பாடகர் குழுவின் காஷிமானா. சொன்னது உண்மைதான். அதனாலேயே மிமிடூவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை.

அன்றைக்குக் காலைப் பூசைக்குக் காஷிமானா வழக்கம்போல் தாமதம். முன்னால் போக வெட்கப்பட்டுக் கதவோரப் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். முக்கால் பெஞ்சு அவளுக்கே சரியாகப் போயிற்று. மிமிடூ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நற்செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போது துப்பாக்கிக்காரர்கள் உள்ளே வந்தார்கள்.

பதினேழு பேர் செத்தார்கள். காஷிமானாவும் அதில் ஒருத்தி. அவள் உடம்புக்கு அடியிலிருந்து மிமிடூவை உயிரோடு இழுத்தெடுத்தார்கள்.

ஆயர் வந்தார், மந்திரி வந்தார், கேமராக்காரர்கள் வந்தார்கள். என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் மிமிடூ, "தெரியாது, கண்ணை மூடிக்கிட்டேன்" என்று முடித்துவிட்டாள். அதற்குள் ஊரே காஷிமானாவைப் புனிதையாக்கிவிட்டது.

வருஷ நினைவுப் பூசையில் மிமிடூவின் பக்கத்தில் காஷிமானாவின் புருஷன் தெர்கிம்பி உட்கார்ந்திருந்தான். நழுவ வழியில்லை. ஃபாதர் குரல் தழுதழுக்கப் பேசினார். "சாந்தமே உருவான காஷிமானா, உதட்டிலே ஜெபமாலையோட ஆண்டவர்கிட்ட போனாள்..."

மிமிடூ எழுந்துவிட்டாள். "ஃபாதர், ஆள் மாத்திப் புதைச்சிட்டீங்களா?"

"உட்காரும்மா!" என்று உபதேசியார் பாய்ந்து வந்தார்.

"நீரு உட்காரும்யா. ஜன்னல் ஏறிக் குதிச்சு ஓடினவரு நீரு. என் மேல விழுந்து கிடந்தவளைப் பத்தி நான் சொல்றேன். ஜெபமாலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் தலைத்துணியைக் கொத்தாப் பிடிச்சு பெஞ்சுக்கடியில தள்ளினா. 'படுடி, தண்ணிக்கள்ளு!'ன்னா. அதோட அவ பேச்சு நின்னுபோச்சு."

செத்தவளை அவமானப்படுத்திவிட்டோமோ என்று மிமிடூ தெர்கிம்பியைப் பார்த்தாள். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்றுதான் நினைத்தாள். அவனோ வாய்விட்டுச் சிரித்தான்.

"அவதான்! ஒரு வருஷமா யாரோ ஒரு சாமியாரம்மாவுக்கு அழுதுட்டிருந்தேன். இவ சொல்றவதான் என் பொண்டாட்டி!"

பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "எங்கப்பா தூங்கிட்டேதான் செத்திருப்பாரு. பிரசங்கம் வரும் முன்னாடியே குறட்டை விட்டுட்டிருந்தாரு." இன்னொருவன், தன் அண்ணன் பூசைக்கு வந்ததே ஒரு பெண்ணைப் பார்க்கத்தான் என்றான். ஃபாதர் காகிதத்தை மடித்துவிட்டுப் பீடத்துப் படியில் உட்கார்ந்து கேட்டார். சிரிப்பும் ஒப்பாரியும் ஒன்றாகக் கலந்து பூசை மத்தியானம் வரை நீண்டது. அந்த ஒரு வருஷத்தில் மிமிடூ அன்றைக்குத்தான் அழுதாள், மூக்கொழுக, அசிங்கமாக.

மறுவாரம் தெர்கிம்பி மனைவியின் பாடகர் குழுத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தான். மிமிடூ அதை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் நின்றாள். எந்தக் குரலில் பாடுவாய் என்று பாட்டு வாத்தியார் கேட்டார்.

"சத்தமான குரல்ல."

அன்றிலிருந்து அந்தக் கோயிலில் பாட்டு நாசம். அவளிடம் போய்ச் சொல்ல இதுவரை யாருக்கும் துணிச்சல் வரவில்லை.