தெருமுனையிலிருந்து ஒன்றரை நிமிடம்

அந்த டைல்ஸ் கம்பெனியில் முந்நூறு பேர் வேலை பார்த்தார்கள். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் கையால் பிழைத்தார்கள். ஒருவர் மட்டும் காதால் பிழைத்தார். சூளையில் வெந்த டைல்கள் பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வரும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சின்ன மரச் சுத்தியால் ஒரு தட்டு தட்டுவார். ‘டிங்’ என்றால் நல்லது, போகலாம். ‘டொக்’ என்றால் உள்ளே எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கிறது. “பிசகு. தள்ளு” என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி, இடதுபக்கத் தொட்டியில் தள்ளிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அவர் கையில் டிங் சொன்ன டைல்கள் ஊரில் பாதி வீட்டுத் தரையில் கிடக்கின்றன. ஆனாலும் கம்பெனி அவருக்குச் சூட்டிய திருநாமம் டொக்கு சார். தேறியவை கணக்கில் வராது, தேறாதவைதான் பெயரில் ஒட்டும் என்பது எல்லா ஆபீஸ்களிலும் எழுதாமலே அமலில் இருக்கும் விதி.

வேலை முடிந்தால் சுத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வரலாம். காதை எங்கே வைத்துவிட்டு வருவது? டொக்கு சார் காதோடுதான் வீட்டுக்கு வந்தார். மனைவி டம்ளரை மேஜையில் வைத்தால், “இதுல கீறல் விழுந்திருக்கு, வேற எடு” என்பார். மகன் கல்லூரிக்குப் போய் வந்ததாகச் சொன்னால், அந்த வாக்கியத்தையே ஒருமுறை மனதுக்குள் தட்டிப் பார்த்துவிட்டு, “இன்னொரு தடவை சொல்லு” என்பார். மகள் துணி மடிக்கும்போது முணுமுணுக்கிற பாட்டில் மூன்றாவது வரி பிசகு என்று கண்டுபிடித்துச் சொன்னது அவர்தான். அதற்குப் பிறகு அவள் பாடியதில்லை. குறை நீங்கிவிட்டது என்று அவர் திருப்திப்பட்டார்.

கை நீட்டியதில்லை, கத்தியதில்லை, குடித்ததில்லை. வெறுமனே தட்டிப் பார்த்தார். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட உத்தமருக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. அது கேட்.

தினமும் மாலை ஆறேகாலுக்கு அவர் பைக் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஹாரன் இரண்டு முறை அடிப்பார். யாரும் வரமாட்டார்கள். இறங்கி, ஸ்டாண்டு போட்டு, சாப்பாட்டுப் பையைத் தோளுக்கு மாற்றி, கேட்டைத் தூக்கித் திறந்து, மறுபடி ஏறி, உள்ளே போய், மறுபடி இறங்கி வந்து சாத்த வேண்டும். எதிர்வீட்டில் குடியிருக்கும் வாட்ச்மேனின் கதை வேறு. அவருடைய ஸ்கூட்டர் ஒரு தகர டப்பா. சைலன்சரில் நாலு ஓட்டை. அது தெருமுனையில் இருமும்போதே, “அப்பா வந்தாச்சு!” என்று இரண்டு பிள்ளைகளும் ஓடிவந்து கேட்டை அகலத் திறப்பார்கள். அவர் ஒரு மந்திரியைப்போலக் கால் தரையில் படாமல் உள்ளே போவார். சில நாள் அவர் மனைவியும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பாள்.

இந்தக் காட்சியை ஒரு வருடம், கேட்டைத் தூக்கியபடியே, ஓரக்கண்ணால் பார்த்தார் டொக்கு சார். வாட்ச்மேனை விடத் தான் எதில் குறைந்துபோனோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆராய்ந்தார். விடை கிடைத்தது. சத்தம்! தன் பைக்கை அவர் எண்ணெய் மாற்றி, செயின் துடைத்து, பிறந்த குழந்தையைப்போல வைத்திருந்தார். அது பூனை நடப்பதுபோல வந்து நின்றது. வருவது தெரிந்தால்தானே திறப்பார்கள்? குறை சைலன்சரில்தான். ஆளிடம் குறை இருக்கலாம் என்ற கோணம் அந்த ஆராய்ச்சியில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

மறுநாளே உதிரிபாகக் கடைக்குப் போனார். சுவர் முழுக்கச் சைலன்சர்கள் தொங்கின. குட்டை, நெட்டை, அறுகோணம், வாய் சரிவாக வெட்டியது, கரி நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டியது.

“எந்த மாதிரி சத்தம் சார் வேணும்?” என்றார் கடைக்காரர். “கும்முனா, கரகரன்னா, இல்ல வெடிக்கிற மாதிரியா?”

“வீட்டுல இருக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி.”

“வீடு எங்க?”

“இங்கேருந்து ஆறு கிலோமீட்டர்.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சார், நான் சைலன்சர்தான் விக்கறேன். மைக் செட் அடுத்த தெருவுல.”

“தெருமுனையிலேருந்து கேட்டாப் போதும்” என்று டொக்கு சார் கருணையோடு இறங்கி வந்தார். பிறகு விரலை மடக்கி ஒவ்வொரு சைலன்சராகத் தட்ட ஆரம்பித்தார். முதலாவதில் உள்தடுப்பு ஆடியது. இரண்டாவதில் பற்றவைப்பு சரியில்லை. மூன்றாவதன் தகடு மெலிசு. “பிசகு. பிசகு. இதுவும் பிசகு.”

“சார், இது பானை இல்ல. வண்டியில மாட்டி ஓட்டிப் பாத்துதான் வாங்குவாங்க.”

“நீங்க பேசாம இருங்க, அது பேசட்டும்.”

பதினோராவது சைலன்சர் டிங் என்றது. குட்டையான எவர்சில்வர் உருளை. உள்ளே ஓட்டைபோட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. எஞ்சினிலிருந்து வளைந்து வரும் பழைய பெண்ட் பைப்பைக் கழற்ற வேண்டியதில்லை, அதன் நுனியில் செருகிக் கிளாம்ப் போட்டால் போதும். கடைக்காரர் பில் போட்டுக் கொடுத்துவிட்டு, இப்படியும் ஒரு வாடிக்கையாளரைக் கொடுத்ததற்காகக் கூரையைப் பார்த்தார்.

மெக்கானிக் ஷெட்டில் பழைய சைலன்சரின் நட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மெக்கானிக் எண்ணெய் விட்டு, ஒரு டீ குடித்து வந்து, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கி, ஒருவழியாகக் கழற்றினார். புதியதைச் செருகி, பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் இடத்துப் பட்டையில் போல்ட் போட்டு மாட்டினார். பிறகு சைலன்சரின் வாயிலிருந்து ஒரு சின்னக் குழலை இழுத்துக் காட்டினார்.

“அண்ணே, இதுதான் சத்தத்தை அடக்கற குழல். உள்ள விட்டா மரியாதையா இருக்கும். எடுத்துட்டா தெருவே எழுந்து நிக்கும். என்ன பண்ணட்டும்?”

“நிக்கட்டும்” என்றார் டொக்கு சார்.

வண்டியைக் கிளப்பினார்கள். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துத் திட்டினார். அந்த இரைச்சலிலும் டொக்கு சார் கையை உயர்த்தி, “இரு, இணைப்புல காத்து கசியுது, இடதுபக்கம்” என்றார். மெக்கானிக் ஈரத்துணியை வைத்துப் பார்த்தார். கசியத்தான் செய்தது. கிளாம்ப்பை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு, “அண்ணே, உங்க காது காதில்ல, மெஷின்” என்றார். வெகுநாளுக்குப் பிறகு டொக்கு சாரை ஒருவர் மனதாரப் பாராட்டியது இதுதான். பழைய சைலன்சரை ஷெட் மூலையில் விட்டுவிட்டு, இடியோடு புறப்பட்டார்.

அன்று மாலை தெருமுனை திரும்பியதும் ஒரு முறுக்கு முறுக்கினார். காக்கைகள் எழும்பின. வாசலுக்கு வந்து பார்த்தால், கேட் அகலத் திறந்திருந்தது! கால் தரையில் படாமல் உள்ளே போனார். எதிர்வீட்டுப் பக்கம் திரும்பி, வாட்ச்மேன் பார்க்கிறாரா என்று பார்த்தார். பார்க்கவில்லை. பரவாயில்லை, நாளை பார்ப்பார்.

மறுநாளும் திறந்திருந்தது. அதற்கு மறுநாளும். பத்தாம் நாள் கம்பெனி சாப்பாட்டு அறையில் இதை ஒரு சொற்பொழிவாகவே நிகழ்த்தினார். “வீட்டு ஆளுங்க மேல தப்பே இல்லைய்யா. வர்றது தெரியணும். தெரிஞ்சா ஏன் திறக்கமாட்டாங்க?”

“வாசல்ல வந்து நிக்கறாங்களா சார்?” என்றான் ஒரு பொல்லாத பாக்கிங்காரன்.

டொக்கு சார் தண்ணீர் குடித்தார். நிற்கவில்லை என்பது உண்மை. கேட் மட்டும்தான் நின்றது.

கேட்டில் மட்டுமல்ல, ஹாலிலும் யாரும் இல்லை. மின்விசிறி மட்டும் ஆளில்லாமல் கடைசிச் சுற்றுகளைச் சுற்றிக்கொண்டிருக்கும். அணைத்த டிவி சூடு ஆறும்போது மெல்லச் சொடுக்கும். மேஜையில் மூன்று டம்ளர்கள், பாதி குடித்த டீயோடு. மகன் அறைக் கதவின் தாழ் அப்போதுதான் விழும். மகள் தன் அறையிலிருந்து, கேட்பதற்கு முன்பே, “படிச்சிட்டிருக்கேன்பா” என்பாள். சமையலறையில் மனைவி, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள். இத்தனையும் அந்தக் காதில் விழுந்தன. வீட்டில் ஒழுங்கு வந்துவிட்டது என்று அந்தக் காது தீர்ப்பெழுதியது.

ஒரு மாதம் கழித்து ஒருநாள், குழாய் பதிக்கிறவர்கள் தெருமுனையைக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். ஓரமாகப் போட்ட பலகை மேல் வண்டியைத் தள்ளித்தான் வர வேண்டும். டொக்கு சார் தெருவுக்கு முன்பே எஞ்சினை அணைத்தார். பலகையைத் தாண்டிய பிறகு, மிச்சத் தூரத்துக்குக் கிளப்புவானேன் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

கேட் சாத்தியிருந்தது.

ஹால் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மேஜையில் யாரோ விரலை மடக்கித் தட்டினார்கள். டொக்.

“அம்மா, இந்தத் தட்டு பிசகு. தள்ளு.” மகனின் குரல். ஆனால் டொக்கு சாரின் குரல். அந்தத் தொண்டைக் கனைப்பு, ‘தள்ளு’வுக்கு முன்னால் விடும் அந்தச் சின்ன இடைவெளி, எல்லாம் அச்சு அசல்.

“என்னைத் தட்டு, என்னைத் தட்டு” என்றாள் மகள்.

டொக். “இன்னொரு தடவை சொல்லு... ம்ஹூம். மூணாவது வரி பிசகு.”

“அய்யோ, தொட்டியில விழுந்துட்டேன்!”

சிரிப்பு. மகளுடையது கீச்சென்றது. மகனுடையது இரும ஆரம்பித்தது. இவற்றுக்கு மேலே மூன்றாவதாக ஒரு சிரிப்பு, வயிற்றிலிருந்து, அடக்க முடியாமல், மூச்சு வாங்கி வாங்கி. அது யாருடையது என்று டொக்கு சாருக்கு முதலில் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடக் காது திணறியது. பிறகு தெரிந்தது.

“போதும்டா, வயிறு வலிக்குது” என்றாள் மனைவி. “மணி ஆறேகால் தாண்டிடுச்சே. இன்னும் சத்தத்தையே காணோம்? இன்னிக்கு கேட் முறை யாரு?”

“அவதான். நேத்து நான் திறந்தேன்.”

“சத்தம் வரட்டும்மா” என்றாள் மகள். “முனையிலேருந்து இங்க வர ஒன்றரை நிமிஷம் ஆகும். திறந்து வச்சிட்டு ரூமுக்குள்ள ஓடறதுக்கு எனக்கு ஒரு நிமிஷமே போதும். திறந்து வைக்கலேன்னாதான் ஹாரன் அடிச்சு, கோபத்தோட உள்ள வருவார்.”

“முன்னாடியெல்லாம் பூனை மாதிரி வந்து நிப்பாரே” என்றான் மகன். “டிவியை நிறுத்தக்கூட நேரம் கிடைக்காது. அந்த சைலன்சரை வித்தவன் நல்லா இருக்கணும்.”

“புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்” என்று மனைவி மனதார வாழ்த்தினாள். மறுபடி சிரித்தாள்.

டொக்கு சார் கேட்டின் மேல் கை வைத்தார். கிறீச்சிடாமல் அதைத் தூக்கித் திறக்கும் வித்தையில் அவருக்கு வருடக்கணக்கில் பயிற்சி. இரண்டு எட்டில் ஜன்னல். எல்லாரையும் கையும் களவுமாகப் பிடிக்கலாம். ஆனால் பழக்கதோஷம், காது அந்தச் சிரிப்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே, கீழே, ஓரத்தில், நடுவில். எங்கேயாவது ஒரு மயிரிழை? ஒரு பொய்? ஒரு வருத்தம்?

டிங். சுத்தமான டிங். எங்கேயும் விரிசல் இல்லை. அவர் இல்லாததால் விழுந்த விரிசல்கூட இல்லை.

கையை எடுத்தார். வண்டியைத் திருப்பினார். அன்றைக்குப் பார்த்து எதிர்வீட்டு வாட்ச்மேன் வாசலில் நின்றார். “என்ன சார், வீடு மறந்துபோச்சா?”

“ஒரு சாமான் வாங்க மறந்துட்டேன்” என்றார் டொக்கு சார். சொல்லி முடித்ததும், தான் சொன்னது டொக் என்று அவருக்கே கேட்டது.

பலகை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். அங்கே நின்று கிளப்பினார். ஒரு முறுக்கு. கேட்டிருக்குமோ என்னவோ என்று இன்னொன்று. சந்தேகத்துக்கு மூன்றாவது. குழி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக ஒன்றரை நிமிடம் கொடுத்து, பிறகு மெல்ல நகர்ந்தார்.

கேட் அகலத் திறந்திருந்தது. ஹாலில் மின்விசிறி கடைசிச் சுற்றில் இருந்தது. டம்ளர்கள் மூன்று.

“வந்துட்டீங்களா?” என்றது சமையலறை.

“படிச்சிட்டிருக்கேன்பா” என்றது ஓர் அறை.

அவர் மேஜை முன்னால் உட்கார்ந்தார். வழக்கம்போல விரல் மடங்கியது. பிறகு, தட்டாமலே நிமிர்ந்தது.

மறுவாரம் ஷெட்டுக்குப் போனபோது மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, “அண்ணே, உள்ள பஞ்சு எரிஞ்சுபோச்சு. அதான் இவ்வளவு அலறுது. பஞ்சு வச்சு, குழலைப் போட்டுடவா? இல்ல பழசு இங்கதான் கிடக்கு, அதையே மாட்டிடலாமா? போலீஸ்காரன் பிடிச்சான்னா வம்பு” என்றார்.

“எதுவும் வேண்டாம். இப்படியே இருக்கட்டும்.”

“வீட்டுல கேக்குதில்ல?”

“நல்லாக் கேக்குது.”

இப்போது அவர் தெருமுனையில் முறுக்குவதில்லை. அதற்கு முந்தைய தெருவிலேயே, மாவு மில் பக்கத்தில் நின்று முறுக்குகிறார். மனைவிக்கு முழங்கால் வலி. அவள் முறை வருகிற நாளில் ஒன்றரை நிமிடம் பத்தாது.