மாமாவின் நட்டும் மருமகனின் ஓமும்

சுதாகரன் யாருக்காவது மறுப்புச் சொன்னதாக நாவற்குடாவில் ஒரு சாட்சியும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் போய் இருக்கச் சொன்னார்கள், ஓம் என்றான். கோயில் திருவிழாவில் ஆள் போதவில்லை என்று அம்மன் கூத்துக்குப் பெண் வேஷம் போடச் சொன்னார்கள், அதற்கும் ஓம். காத்தான்குடியில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ஹமீட் ஹாஜியார் "நாளைக்கே வேலைக்கு வாறீங்களா மகன்?" என்றபோதும் சம்பளத்தைக் கேட்காமல் ஓம் என்றான். தனுஷாவைப் பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்ன ஓம் ஒன்றைத்தான் அவன் மனமாரச் சொன்னான்.

கல்யாணத்தோடு பெரிய வீடு தனுஷாவின் பெயருக்கு வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தானே. மாமனாரும் மாமியாரும் அதே வளவில் பின்னால் ஓர் அறையும் குசினியுமாகக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். சுதாகரன் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான். வந்து நாலு வருடமாகியும் அவன் அந்த வளவில் விருந்தாளிதான். உட்கார நல்ல கதிரை அவனுக்கு. மீனில் நடுத்துண்டு அவனுக்கு. அவன் விறாந்தைக்கு வந்தால் மாமா வினாயகமூர்த்தி பாதி வாசித்த பத்திரிகையை மடித்து அவனிடம் நீட்டிவிட்டு எழும்பிப் போய்விடுவார். மாமி சீதேவிப்பிள்ளை தனுஷாவை ஏசுவாள், புருஷனை ஏசுவாள், நாயை ஏசுவாள். மருமகனைக் கண்டதும் குரல் பாகாய் உருகிவிடும். ஏழு பிள்ளைகள் பிடுங்குப்பட்டுச் சாப்பிட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்த மரியாதை மூச்சு முட்டியது. நாய்க்குக் கிடைக்கிற உரிமைகூட எனக்கு இல்லையே என்று அவன் உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மோட்டார் சைக்கிள் வந்தது. மாமா நெல் லொறி ஓட்டி ஓய்ந்தவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். தன்னாமுனையில் வாவிக்கரை வளவொன்றில் கோழிக்கூட்டுக்குக் கீழே கிடந்த வெள்ளைக்காரன் காலத்துப் பைக் ஒன்றைத் தேடிப் பிடித்து, பெரிய வீட்டு விறாந்தையில் கொண்டுவந்து நிறுத்தினார். உப்புக் காற்றும் கோழி எச்சமும் சேர்ந்து அதை ஒரே கட்டியாக்கி வைத்திருந்தன. மாமாவோ பிடித்தால் விடுகிற ஆளல்ல. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சூடு காட்டி, தட்டித் தட்டிப் பிஸ்டனையே வெளியே எடுத்துவிட்டார். ஒரே ஒரு நட் மட்டும் அசையவில்லை. பிஸ்டன் சுழற்றுகிற பெரிய தண்டின் நுனியில் இருந்தது அது. அதைக் கழற்றினால்தான் உள்ளே தேய்ந்து கிடந்த பெயரிங்கை மாற்றலாம்.

"மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு முன்னம் இது ஓடோணும்" என்றாள் மாமி. "இல்லாட்டி பழைய இரும்புக்காரனுக்குத்தான். புள்ளட வீட்டு விறாந்தையைக் கராச் ஆக்கி வெச்சிருக்கிறார்."

தீர்த்தம் கிட்டிவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஸ்பானரின் பிடியில் ஒரு பைப்பைச் செருகினார். மூச்சுப் பிடித்து இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. சுற்றிப் பார்த்தார். நல்ல கதிரையில் மருமகன் இருந்தான்.

"மருமகன், குறை நினைக்காதீங்க, கொஞ்சம் கை குடுக்கிறீங்களா?"

நாலு வருடத்தில் மாமா கேட்ட முதல் உதவி. சுதாகரன் கதிரை விழுவதுகூடத் தெரியாமல் ஓடினான். "ஓம் மாமா!"

இருவரும் இழுத்தார்கள். நட் ஒரு நூல் அளவு நகர்ந்தது. மாமாவின் முகம் மலர்ந்தது. வியர்வையைத் துடைக்கக் குனிந்த சுதாகரன் அப்போதுதான் தண்டின் நுனியைக் கவனித்தான். அதில் ஓடிய புரி வழமைக்கு எதிராகச் சாய்ந்திருந்தது.

ஹாஜியாரின் கடையில் அவன் தினமும் பூட்டுவது மின்விசிறி. விசிறியின் இதழைப் பிடித்திருக்கும் மூடி இடம்புரி. எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். சுழலுகிற வேகத்தில் தானாகக் கழன்று பறக்காமலிருக்க அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். இந்த நட்டும் அதே சாதி. மாமா கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு இழுவையில் தண்டு முறியும், பைக் நேரே இரும்புக் கடைக்குப் போகும்.

"தண்ணி குடிச்சிட்டு வாறன் மாமா" என்று உள்ளே ஓடினான்.

"உங்கப்பா பிழையான பக்கம் திருப்புறார். நீ போய்ச் சொல்லு" என்றான் தனுஷாவிடம்.

"நான் ஏன் சொல்லோணும்? உங்கட வாய்க்கு என்ன வந்த?"

"மாமாவுக்குப் பிழை எண்டு நான் எப்படிப் புள்ள சொல்ற?"

"அப்ப முறியட்டும்" என்று அவள் வெங்காயம் வெட்டப் போய்விட்டாள்.

சுதாகரன் யோசித்தான். யோசித்து, அறையிலிருந்த நிலை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தான். மாமாவின் கண்ணுக்கு நேரே அதை வைத்து, முன் கூட்டைத் திறந்து, மூடியை மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் திருப்பிக் கழற்றினான். கழற்றியதைத் தூக்கிக் காட்டினான். திரும்பப் பூட்டினான். மறுபடி கழற்றினான். தொண்டையையும் செருமிப் பார்த்தான்.

மாமா நிமிர்ந்தார். "காத்து வரல்லையா மருமகன்?"

"ஓம் மாமா" என்றது அவனுடைய பாழாய்ப்போன வாய்.

"இஞ்ச, மருமகனுக்கு வேர்க்குதாம். இளநி ஒண்டு வெட்டு!" என்று மாமா பின்பக்கம் குரல் கொடுத்தார். மாமி இளநீரோடு ஓடி வந்தாள். சுதாகரன் அதையும் குடித்தான்.

அதற்குள் மாமா கிணற்றடியிலிருந்து இன்னும் நீளமான பைப் ஒன்றைக் கொண்டுவந்து செருகிவிட்டார். "இண்டைக்கு ஒண்டில் இது கழரும், இல்லாட்டி முறியும்" என்று காலைச் சுவரில் ஊன்றிச் சாய்ந்தார். தண்டு முனகியது. அந்தச் சத்தம் சுதாகரனின் முதுகெலும்பில் ஏறியது.

"நிப்பாட்டுங்க மாமா! அது பிழை! மற்றப் பக்கம் திருப்புங்க!"

சொன்னது தானா என்று அவனுக்கே சந்தேகம். இரண்டு கையாலும் பைப்பைப் பிடித்து நிறுத்தியிருந்தான். குசினிக்குள் வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது. மாமி வெறும் இளநீர்க் கோம்பையோடு அப்படியே நின்றாள். முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

மாமா பைப்பை அவன் கையிலிருந்து உருவினார். ஸ்பானரைக் கழற்றி, மாற்றிப் போட்டு, எதிர்ப்பக்கம் ஓர் இழுவை இழுத்தார். 'டக்' என்றது. பிறகு விரலாலேயே சுழற்றி எடுத்தார். நட் அவர் உள்ளங்கையில் சாதுவாகக் கிடந்தது.

"டேய் எருமை!" என்றார் மாமா. வளவே அதிர்ந்தது. "ஃபேனைக் கழட்டிக் கழட்டிப் பூட்டினியே, வாயைத் திறந்தா முத்தா கொட்டிப் போகும்? இழுத்து இழுத்து என்ட நாரி எலும்பு முறிஞ்சு போச்சு! கூத்தா பாத்துக்கொண்டு இருந்த நீ?"

"ஐயோ, மருமகனையா இப்பிடி ஏசுற!" என்று மாமி பதறினாள்.

"ஏசட்டும் மாமி" என்றான் சுதாகரன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தத் துணிச்சலில் இன்னொன்றும் வந்துவிட்டது. "ஆனா மாமா, உங்களுக்கும் சந்தேகம் வந்திருக்குமே?"

மாமா நட்டை உருட்டினார். "வந்ததுதான். ரெண்டாம் இழுவையிலேயே வந்திட்டு. மருமகனுக்கு முன்னால எப்பிடித் திருப்பிச் சுத்துற எண்டு..."

மாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. "நல்ல சோடி! அதுக்கு நான் ஒரு இளநியையும் வெட்டிக் கெடுத்தன். எழும்புங்க ரெண்டு பேரும், சோறு ஆறுது. டேய் சுதா, அந்தக் கிறீஸ் கையைக் கழுவாம என்ட குசினிக்குள்ள வந்தா, உன்ட முதுகில அகப்பைக் காம்பு முறியும்!"

சுதாகரன் கிணற்றடிக்கு ஓடினான். அன்று அவனுக்கு மீனில் வால்துண்டுதான் கிடைத்தது. அவன் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான்.